சடையாண்டின்னு ஒரு திட்டு

ஒரு ஊர்ல சடையாண்டின்னு ஒருத்தர் இருந்தார். "ம்" கொட்டு, இல்லேன்னா சித்தி முதல்ல தூங்கிடுவேன்.

"ம்."

ஒருநாள் வீட்ல யாருமில்லை. அவரும் கடைக்குக் கிளம்பினார். வீட்டைப் பூட்டினார். சாவி தொலைஞ்சிடக் கூடாதேன்னு ஜன்னல் வழியா உள்ளயே போட்டுட்டார். டங்குன்னு விழுந்துச்சு. "அப்பாடா, பத்திரமா இருக்கு"ன்னு போயிட்டார்.

அப்புறம் என்ன, ஊரே சிரிச்சுச்சு. குழம்புல உப்பு மறந்தா "அடி சடையாண்டி!" பஸ்ஸை விட்டா "போடா சடையாண்டி!" பக்கத்து ஊரு, அதுக்கடுத்த ஊருன்னு அது வெறும் திட்டாவே பரவிடுச்சு. யாரோட பேருன்னுகூட அங்க யாருக்கும் தெரியாது. அவரும் கண்டுக்கலை, மக பவளக்கொடிக்கு மாப்பிள்ளை பாக்கிற வரைக்கும்.

மொத மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. கேசரி சாப்பிட்டுட்டு, "பொண்ணோட அப்பா பேரு?"ன்னாங்க. சொன்னார். குபீர்னு சிரிச்சாங்க, போனவங்க போனவங்கதான். அப்புறம் ரெண்டாவது வீடு. அவங்க சிரிக்கலை. "பத்திரிகையில இந்தப் பேரைப் போட்டா எங்க மானம் போயிடும்"னு எந்திரிச்சுட்டாங்க. நானா இருந்தா தின்ன கேசரியைக் கக்க வச்சிருப்பேன்.

சடையாண்டிக்கு அழுகையே வந்துடுச்சு. "என் பேரால உன் கல்யாணம் நிக்குதேம்மா. அடுத்து வர்றவங்ககிட்ட வேற பேரு சொல்லிடறேன்."

"சொன்னா நான் வெளியவே வரமாட்டேன்ப்பா"ன்னுட்டா அவ.

என்ன, தூங்கிட்டியா?

"ம்...ம்ஹூம்."

அப்போ மூணாவது வீடு வந்துச்சு. பையன் உக்காரும்போதே தண்ணி டம்ளரைத் தட்டிவிட்டான். கடகடன்னு உருண்டுச்சு. அவங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. சடையாண்டிக்கோ, இப்பப் பேரைக் கேப்பாங்க, இப்பக் கேப்பாங்கன்னு ஒரே பயம். அதுக்குள்ள அடுப்படியிலருந்து அவரைப் பெத்த ஆத்தா ஒரு சத்தம் குடுத்துச்சு: "டேய் சடையாண்டி, வந்து காபியைத் தூக்கிட்டுப் போடா!"

"இந்தா வர்றேன்!"

ரெண்டு பேர் எந்திரிச்சாங்க. சடையாண்டியும், மாப்பிள்ளைப் பையனும்.

பையனோட அம்மாதான் மெதுவா, "எங்க வீட்ல தெனமும் இவனை அப்படித்தாங்க திட்டிக் கூப்பிடறது"ன்னாங்க. கதவுக்குப் பின்னால பவளக்கொடி களுக்குன்னு சிரிச்சா. மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போய்க் காபியைத் தூக்கிட்டு வந்தாங்க.

கல்யாணம் நடந்துச்சு, கதையும் ஆச்சு. காலைப் போர்வைக்குள்ள இழு, கண்ணை மூடு.