முயல் கேட்ட கணக்கு

ஒரு காட்டில் மழை ஏமாற்றிவிட்ட கோடை அது. ஆலமடு என்ற ஒரே குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. குழந்தைகளே, அறுபது பிராணிகளுக்கு ஒரு குளம்! யார் எப்போது குடிப்பது, எந்தப் பக்கம் இறங்குவது என்று தினமும் சண்டை.

அதனால் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் முடிவு செய்தார்கள். குட்டிகளை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கூழாங்கல். பிடித்தவர் முன்னால் அதை வைக்க வேண்டும். அதிகக் கல் பெறும் மூவர் குழு. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை அவர்கள் சொல்வதுதான் சட்டம்.

தேர்தலுக்கு முன் கருமூக்கு நரி அணிலிடம் போயிற்று. "உன் சுறுசுறுப்பு யாருக்கு வரும்? நீ நிற்காவிட்டால் குழுவுக்கே அழகில்லை" என்றது. ஆமையிடம் போய், "உன் பொறுமை யாருக்கு வரும்?" என்றது. முள்ளம்பன்றியிடம், "உன் தைரியம் யாருக்கு வரும்?" என்றது. மூவருக்கும் உச்சி குளிர்ந்தது. மூவரும் நின்றார்கள். முயலும் ஏற்கெனவே நின்றிருந்தது.

கல்லை எண்ணினார்கள். இருபத்து நான்கு மான்களும் தங்களில் நின்ற ஒரே பெண்மானுக்கே வைத்திருந்தன. முயலுக்கு ஆறு, அணிலுக்கு ஐந்து, முள்ளம்பன்றிக்கு ஐந்து, ஆமைக்கு நான்கு. பதினாறு நரிகளும் முன்கூட்டியே பேசிவைத்து, கருமூக்குக்கு எட்டு, செவ்வால் நரிக்கு எட்டு என்று சரிபாதியாகப் பிரித்து வைத்திருந்தன.

குழுவில் ஒரு மான், இரண்டு நரிகள்!

"சிறிய பிராணிகள் இனிமேல் நாணல் பக்கமாகத்தான் இறங்க வேண்டும்" என்றன நரிகள். "வேண்டாம், அங்கே ஆபத்து" என்றது மான். இரண்டுக்கு ஒன்று. சட்டம் ஆகிவிட்டது.

நாணலுக்குள் நரிகள் பதுங்கியிருந்தன. பத்து நாளில் முயலின் நான்கு குட்டிகளில் இரண்டு காணாமல் போயின.

முயல் அழுதது. பிறகு யோசித்தது. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. மானிடம் ஓடியது.

"அக்கா, நீங்களும் சிறியவர்கள் நாங்களும் சேர்ந்தால் நாற்பத்து நான்கு பேர். நரிகள் பதினாறே பேர். மூன்று இடத்தில் இரண்டு எப்படி அவர்களுக்குப் போனது?"

மான் விழித்தது. "எனக்கும் புரியவில்லை, தங்கச்சி. இருபத்து நான்கு கல் விழுந்ததும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது கல்லே எனக்குப் போதுமே. மீதி என்ன ஆயிற்று?"

"என்ன ஆயிற்று?"

"இதோ, என் முன்னால் சும்மா கிடக்கிறது."

"என் ஆறு கல்?"

"உன் முன்னால் சும்மா கிடக்கிறது."

இரண்டும் கற்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. மேலே மரங்கொத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பறவைகள் தூரத்து ஆற்றுக்குப் பறந்துவிடும். அதனால் அவற்றுக்கு இந்தத் தேர்தலில் பங்கில்லை.

"கல்லுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். அதுதான் சிக்கல்" என்றது மரங்கொத்தி. "போட்டியிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தின் இலையை அடையாளமாக வையுங்கள். மிகவும் பிடித்தவரின் இலை மேலே, அடுத்தவர் அதன் கீழே என்று ஒரு புல்லில் கோத்துக் கொடுங்கள். தன் இலை மேலே இருக்கும் கோவை பதினாறு பெற்றவர் குழுவில் சேரலாம்."

"ஏன் பதினாறு?"

"மூன்று பேர் பதினாறு பதினாறாக எடுத்தால் மீதி பன்னிரண்டுதான். நான்காவது ஆள் அவர்களை எட்ட முடியாது."

"பதினாறுக்கு மேல் விழுந்தால்?"

"மிஞ்சிய கோவைகளில் மேல் இலையைக் கிள்ளிவிட்டால், அடுத்த இலைக்காரருக்குப் போய்விடும். அதன் பிறகும் இடம் மீதி இருந்தால், மிகக் குறைவாகப் பெற்றவர் விலகுவார். அவருடைய கோவைகளும் அடுத்த இலைக்காரருக்குப் போகும்."

"அப்படியானால் எனக்கு ஓட்டு ஒன்றா, ஏழா?" என்று கேட்டது அங்கு வந்த ஆமை.

"ஒன்றுதான். வீணாகும்போது மட்டும் இடம் மாறும்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. முயலுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

பௌர்ணமி வந்தது. மானும் முயலும் சொன்ன புதிய முறையைக் கேட்டதும் நரிகள் சிரித்தன. "சம்மதம், சம்மதம்! இந்தக் குழப்பத்தில் பாதிப் பேர் வீட்டுக்கே போய்விடுவார்கள்" என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டன.

கருமூக்கு நரி மறுபடியும் அணிலிடம் போயிற்று. "பாவம், ஏமாறாதே. இரண்டாவது இலையைக் கோத்தால் உன் முதல் இலைக்கு மதிப்புக் குறைந்துவிடும். ஒன்றே போதும்" என்றது. அணில் பயந்துபோய் மற்ற இலைகளை உருவிப் போட்டது. அதைப் பார்த்து எல்லா அணில்களும் உருவின.

முயல் மரங்கொத்தியிடம் ஓடியது. கேட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

"அணில் அண்ணே, முதல் இலை ஜெயித்தோ தோற்றோ முடியும்வரை இரண்டாவதை யாரும் பார்க்கவே மாட்டார்களாம்!"

"நிஜமாகவா?"

"மற்றதெல்லாம் எனக்குக் குழப்பம்தான். இது மட்டும் நன்றாகப் புரிந்தது."

அணில்கள் அவசரமாக மறுபடியும் கோத்தன.

எண்ணிக்கை தொடங்கியது. முதலில் எல்லாம் போன தடவை மாதிரியேதான் இருந்தது. மானுக்கு இருபத்து நான்கு. நரிகளுக்கு எட்டு, எட்டு.

"மான் குழுவில் சேர்ந்தாயிற்று. எட்டுக் கோவை மிச்சம்" என்றது மரங்கொத்தி.

"எந்த எட்டு? என்னுடையது மிச்சமில்லை!" "என்னுடையதும் இல்லை!" என்று மான்கள் கூச்சல் போட்டன. மரங்கொத்தி இருபத்து நான்கையும் பிரித்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் இரண்டாவது நாவல் இலைதான். அது நரிக்கும் அஞ்சாத முள்ளம்பன்றியின் இலை. எந்த எட்டை எடுத்தால் என்ன?

முள்ளம்பன்றிக்கு ஐந்தோடு எட்டு, பதின்மூன்று.

நான்கே கோவை பெற்ற ஆமை விலகியது. அதில் மூன்று முயலுக்கு, ஒன்று முள்ளம்பன்றிக்கு. அடுத்து அணில் விலகியது. அதன் ஐந்தில் மூன்று முயலுக்கு, இரண்டு முள்ளம்பன்றிக்கு.

"முள்ளம்பன்றிக்குப் பதினாறு!" என்று கத்தியது மரங்கொத்தி.

மீதி ஓர் இடம். முயலுக்குப் பன்னிரண்டு. நரிகள் இரண்டும் எட்டில் சமமாக நின்றன. இரண்டில் ஒன்று விலக வேண்டும். சீட்டுப் போட்டார்கள். செவ்வால் விலகியது. அதன் எட்டும் கருமூக்குக்குப் போய்ப் பதினாறு ஆயிற்று.

ஒரு மான், ஒரு முள்ளம்பன்றி, ஒரு நரி.

முயல் திருதிருவென்று விழித்தது. "நான் தோற்றுவிட்டேன். நரி ஜெயித்துவிட்டது. இவ்வளவு ஓடியும் இதுதானா?"

"நம் கூட்டம் தோற்கவில்லை" என்றது முள்ளம்பன்றி. அதற்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "இருபது பேர் நாம், ஓர் இடம். பதினாறு பேர் அவர்கள், ஓர் இடம். அவர்களுக்கும்தானே தாகம் எடுக்கிறது? ஆனால் இரண்டு இடம் எதற்கு?"

குழு உடனே கூடியது. "நாணல் பக்கம் யாரும் இறங்க வேண்டாம். சிறிய பிராணிகள் மாலையில் மணல் பக்கம் இறங்கட்டும். நரிகள் விடிந்ததும், மான்கள் நண்பகலிலும் குடிக்கட்டும். மற்றவர் நேரத்தில் யாரும் குளத்துப் பக்கமே வரக்கூடாது" என்றது முள்ளம்பன்றி.

"கூடாது!" என்றது கருமூக்கு.

"எனக்குச் சம்மதம்" என்றது மான்.

இரண்டுக்கு ஒன்று.

அன்று மாலை முயல் தன் இரண்டு குட்டிகளையும் அழைத்துக்கொண்டு வெட்டவெளி மணலில் இறங்கியது. "அம்மா, நீ ஜெயித்தாயா?" என்று கேட்டது ஒரு குட்டி. முயல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. பாதியில் கணக்குத் தவறிவிட்டது.

"தெரியவில்லையடா. நீ குடி" என்றது.

இரண்டும் அவசரமில்லாமல், வயிறு நிறையக் குடித்தன.

நீதி: தான் தேவைப்படாத இடத்தில் தேங்காமல் அடுத்தவரிடம் போய்ச் சேர வாக்குக்கு வழி இருந்தால்தான், ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரிய இடம் கிடைக்கும்.