வயலுக்குள் செருப்பு வேண்டாம்

"இன்னைக்கே கொளுத்திடுறேன் தாயி. கோவிச்சுக்காதே."

முத்திருளன் கையில் தீப்பெட்டி. வயது ஐம்பத்தாறு.

அவனுக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்த செல்லத்தாயிக்கு முப்பத்தெட்டு. சிரிக்க வேண்டாம். அந்த ஊரில் கோடையிலும் தண்ணீர் கிடந்தது அவள் கிணற்றில்தான்.

"எதை அண்ணே கொளுத்தப் போறீங்க?"

"வயல்ல கிடக்கிற குப்பையை. உழாதேன்னே. உழல. அறுத்த சோளத் தட்டையைப் பரப்பி மண்ணை மூடுன்னே. மூடினேன். நாளைக்கு மதியம் பொண்ணு கேட்டு வர்றாங்க. நிலத்தைப் பார்க்கணுமாம். இதையா காட்டுறது?"

"காட்டுங்க."

"போன சம்பந்தம் இதாலதான் போச்சு. உழ மாடு இல்லாத வீடுன்னு சொல்லிட்டுப் போனாங்க. மக முகத்தை நான்ல பார்க்கணும்?"

செல்லத்தாயி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வயல் வழியா கூட்டிட்டு வாங்க. செருப்பை ரோட்டுல விடச் சொல்லுங்க."

"அப்புறம்?"

"கொளுத்துறதுன்னா அப்புறம் கொளுத்துங்க."

அவ்வளவுதான். ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள். உச்சி வெயில். மாப்பிள்ளையின் அப்பா பெரியகருப்பன் வந்தார். ஆளும் பெரிய ஆள்தான். செருப்பைக் கழற்றினார். பக்கத்து வயலைப் பார்த்தார். புல் பூண்டு இல்லாமல் உழுது போட்டிருந்தது.

"இதுல்லவா வயலு!"

முத்திருளன் வழியைக் காட்டினான்.

பத்து எட்டு வைத்தார் பெரியகருப்பன். பதினோராவது எட்டில் குதித்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"யாத்தே, காலு! காலு!"

ஓடியவர் தட்டை பரப்பிய வயலுக்குள் ஏறினார். நின்றார். ஒரு காலை அழுத்திப் பார்த்தார். மறு காலையும்.

"இது யாரு வயலு?"

"என்னுதுதாங்க. குப்பையாத்தான் கிடக்கு. நாளைக்கே..."

பெரியகருப்பன் குனிந்தார். தட்டையை விலக்கினார். மண்ணுக்குள் விரலை விட்டார். ஈர மண் ஒட்டிய விரலை மோந்து பார்த்தார்.

"கடைசியா எப்போ மழை?"

"மாசியில ஒரு தூறல்."

"இது சித்திரையில்ல?"

"ஆமாங்க."

கூட வந்த தரகர் ரோட்டிலிருந்து கத்தினார். "வீட்டுக்குப் போய்ப் பேசுவோமா?"

"திரும்ப அந்த அடுப்புல நடக்கவா? நீ வாய்யா இங்கே!"

தட்டை மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காது மடலிலிருந்து பீடியை எடுத்தார்.

"தீப்பெட்டி இருக்கா சம்பந்தி?"

முத்திருளன் மடியைத் தொட்டுப் பார்த்தான். பெட்டி அங்கேதான் இருந்தது.

"இந்த வயலுக்குள்ள அது கிடையாது சம்பந்தி."