முப்பத்தொன்று

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்து நான்கு. புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றிக் கும்பிடுவார்கள். வயதா பாடம் சொல்லித் தருகிறது?

குரு மெஹருன்னிசா. விண்வெளி வீரர்கள் மேலே எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறார்கள் என்று தரையிலிருந்து கண்காணிப்பவர். சீடர் தெய்வநாயகம் இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் அதே மாதிரி வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

அந்த வாரம் சூரியப் புயல் அடித்தது. விண்வெளி நிலையத்தில் இருந்த நான்கு பேரும் தண்ணீர்ப் பைகள் அடுக்கிய சின்ன அறைக்குள் ஒன்பது மணி நேரம் ஒடுங்கிக் கிடந்தார்கள். தண்ணீர் கதிர்வீச்சைத் தடுக்கும். புயல் ஓய்ந்ததும், அவர்கள் சட்டையில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ்களின் கணக்கு தரைக்கு வந்து சேர்ந்தது.

மூன்று பேருக்குப் பன்னிரண்டு அலகு. குழுத் தலைவி தமயந்திக்கு முப்பத்தொன்று.

“பேட்ஜ் கோளாறு மேடம்” என்றார் தெய்வநாயகம். “ஒரே ரூம், ஒரே நேரம். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்க ஆஸ்பத்திரியில நர்ஸுங்க கோட்டை எக்ஸ்ரே ரூம்லயே மாட்டிட்டுப் போயிடுவாங்க. பேட்ஜ் எகிறிக் கிடக்கும். இவங்களும் எங்கயாவது கழட்டி வச்சிருப்பாங்க. பன்னிரண்டுன்னே போட்டுடலாம்.”

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஒருவர் வாழ்நாளில் இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பு உண்டு. தமயந்திக்கு அதில் மிச்சம் இருபத்தைந்துதான். முப்பத்தொன்று என்று பதிந்தால் இனி அவர் பறக்கவே முடியாது. நிலவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயரோ அவருடையது.

மெஹருன்னிசா எழுந்து பயிற்சிக் கூடத்துக்கு நடந்தார்; தெய்வநாயகமும் பின்னால் போனார். அங்கே அந்தத் தண்ணீர்ப் பை அறையின் அச்சு அசலான மாதிரி ஒன்று நின்றது. அவரும் அங்கிருந்த இரண்டு எஞ்சினியர்களும் உள்ளே நுழைந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள்.

“நீங்களும் வாங்க சார்.”

தெய்வநாயகம் வாசலில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். “கொஞ்சம் தள்ளுங்கப்பா.”

“இதுக்கு மேல எங்க சார் தள்றது?” என்றார் ஓர் எஞ்சினியர்.

“மேடம், என் முதுகு பைக்கு வெளியிலேயே இருக்கு...” சொன்னவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“நாலு பேர் நுழையலாம், நாலு பேரும் மறைய முடியாது” என்றார் மெஹருன்னிசா.

“இந்த வாசல்ல மாத்தி மாத்தி உட்கார்றதுதானே விதி?”

“விதி அதுதான். தமயந்தி மாத்த விடல. ‘நீங்கல்லாம் இன்னும் எத்தனையோ தடவை பறக்கணும், பேசாம இருங்க’ன்னு அதட்டிட்டாங்களாம். காலையில ரேடியோவில அந்த மூணு பேரும் சொல்லிச் சொல்லி அழறாங்க.”

“அடேயப்பா! எப்பேர்ப்பட்ட மனுஷி!” தெய்வநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஓர் எண்ணைப் பார்த்து அவர் கும்பிட நினைத்தது அன்றுதான்.

“அப்போ கட்டாயம் பன்னிரண்டுதான் போடணும் மேடம். பேட்ஜ் பழுதுன்னு ஒரே ஒரு வரி. யாருக்குத் தெரியப்போகுது? இவங்க போகாத நிலாவுக்கு வேற யார் போறது?”

மெஹருன்னிசா அவர் உட்கார்ந்திருந்த வாசலைக் காட்டினார். 

“எனக்கும் ஆசைதான் சார். ஆனா பழுதுன்னு எழுதினா, அன்னைக்கு அந்த வாசல்ல யாருமே உட்காரலன்னு ஆயிடும். முப்பத்தொண்ணுன்னே எழுதுங்க.”