கண்ணாடிப் படகும் ஒரு மணி நேரமும்

ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தே எனக்கு விடுமுறை என்ற சொல் கசந்துவிட்டது. சேலத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். கப்பல் பயணம் என்று வந்து உட்கார்ந்தால் ஒருவரும் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். தீவில் இறங்கினால் என்ன பார்க்கலாம், கப்பலுக்குள் எதற்கெல்லாம் தனிக் காசு, ஜன்னல் வைத்த அறையா வைக்காத அறையா என்று உயிரை எடுப்பார்கள். அப்படி எடுக்காமல் பேசியவர் மங்கையர்க்கரசி. அவர் விஷயம்தான் எனக்கு இன்னும் தீராத வழக்கு. நீங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவருடைய கணவர் அருணகிரிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. அடுத்த தீபாவளிக்குள் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனிதருக்கு ஒரே ஆசை, பவளப்பாறையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பலில் அதற்கு வழியிருந்தது. தீவில் இறங்கினால் அடியில் கண்ணாடி பதித்த படகில் கூட்டிப்போவார்கள். உச்சிவெயில் நேரத்துப் படகாகப் பார்த்துப் போடச் சொன்னார் மங்கை. அப்போதுதான் வெயில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், கணவர் கண்ணுக்கும் நிறம் தட்டுப்படும்.

அறை, சாப்பாடு, படகு எல்லாமே கணவருக்குத் தோதாகப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒன்று கேட்டார். கப்பலில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறார்களாமே, அதில் ஒரு மணி நேரம். பார்த்தேன். எல்லோரும் கரைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும்தான் இடம் காலி. அதாவது, கண்ணாடிப் படகு கிளம்பும் அதே நேரம்.

"அப்போ சாரோட யாரும்மா போவாங்க?" என்றேன்.

"அவரு தங்கச்சி தேன்மொழி வர்றா, அவ கூட்டிட்டுப் போவா. படி, பள்ளம், வலது, இடதுன்னு நாலு வருஷமா சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு போச்சுங்க. ஒரு மணி நேரம் யாருக்கும் எதுவும் சொல்லாம சும்மா கிடக்கணும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னேன்.

மிச்சத்தைத் திரும்பி வந்த பிறகு தேன்மொழி என்னிடம் சொன்னாள். கப்பல் தீவுக்குச் சற்றுத் தள்ளி நின்றதாம். ஆட்களைச் சின்னப் படகுகளில் ஏற்றிக் கரையில் விட்டார்கள். கிளம்பும்போது மங்கை கணவரிடம், "நீங்க தேன்மொழியோட போயிட்டு வாங்க. எனக்குக் கப்பல்ல கொஞ்சம் வேலை இருக்குது" என்றார். கப்பலில் இவருக்கு என்ன வேலை, பாத்திரம் கழுவவா? பவளப்பாறை நினைப்பில் அருணகிரி அதைக் காதில் வாங்கவில்லை.

கரையில் கண்ணாடிப் படகுக்கு வரிசையில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

"உங்க அண்ணிக்கு அங்க என்ன வேலை தேனு?"

தேன்மொழிக்கு விஷயம் தெரியும். அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணி சுகமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அண்ணியின் பேர் கெட்டுவிடக் கூடாதே என்று, "அவங்களுக்குத் தலை சுத்துதுண்ணா, படுத்திருக்காங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க" என்று அடித்துவிட்டாள்.

அவ்வளவுதான், மனிதர் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். "அவளை அங்க தனியா விட்டுட்டு எனக்கு என்ன வேடிக்கை?" தேன்மொழி கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்ன பொய் வெளியே வந்துவிடுமே என்ற பயம். படகு இவர்கள் இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு. சாயங்காலம் கப்பல் கொச்சிக்குத் திரும்புகிறது.

அறைக்கு வந்தால் கட்டில் காலி. அருணகிரி மெத்தையைத் தடவிப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் தட்டி, "மங்கை, மங்கை" என்று பதறினார். தேன்மொழி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரமும் மங்கை அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறார். முகம் தெளிந்து, சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? நிறமெல்லாம் தெரிஞ்சுதா?"

"நான் போகலை மங்கை. உனக்கு உடம்பு முடியலைன்னு தேனு சொன்னா, திரும்பிட்டேன்."

மங்கை கத்திவிட்டார். "யாரு உங்களைத் திரும்பி வரச் சொன்னது? ஒரே ஒரு மணி நேரம்தானே கேட்டேன்? அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" சுவரில் சாய்ந்து அழுதவரை அருணகிரி கை நீட்டித் துழாவிப் பிடித்து, "விடு, விடு. பாறைதானே" என்றாராம்.

மனைவி ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கினார். நாத்தனார் அவர் பேரைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். கணவர் மனைவிக்காகத் தன் கடைசி ஆசையை விட்டுவிட்டு வந்தார். மூவர் மனசிலும் கெட்ட எண்ணம் கிடையாது. இப்போது சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் அருணகிரி என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. செய்ததில் சரி மங்கைதான். களைத்த உடம்பு படுத்தது, அதில் என்ன குற்றம்? தப்பெல்லாம் சொன்னதில்தான். ஓய்வை இவர் வேலை என்றார், அவள் வியாதி என்றாள். இரண்டு பேரில் ஒருத்தர் "களைப்பு" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் நிம்மதியாகப் படகேறியிருப்பார். அவர் திரும்பி வந்தது அன்பால்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மங்கை இனிமேல் எவ்வளவு களைத்துப்போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டார்.