மந்திரி வீட்டுக்குப் போன ஏடுகள்

நெடுங்கரையை ஆண்ட பரிதிமாறன் நல்ல அரசன்தான். கோபம் வந்தால் மட்டும் முதலில் தண்டனை கொடுப்பான், பிறகு விசாரிப்பான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. அரண்மனைச் சுவடிச்சாலையில் முழங்காலளவு வெள்ளம். முன்னோர் எழுதிவைத்த ஓலைச்சுவடிகள் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எது கடவுள் வாழ்த்து, எது பேதி மருந்து என்று தெரியாமல் புலவர்கள் திண்டாடினார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஏரியின் உபரி நீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் வடிகாலை மண் போட்டு மூடி, அதன்மேல் மாளிகை கட்டியிருந்தார் மந்திரி ஏகம்பர். சபையில் அதைத் துணிந்து சொன்னவன் விகடகவி அழகப்பிரான் ஒருவன்தான்.

ஏகம்பர் அசையவில்லை. "அரசே, அது மேட்டு நிலம். எந்த மழைக்கும் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இதற்கு நான் பொறுப்பு" என்றார்.

அரசன் அதை நம்பினான். மந்திரி மேல் வீண்பழி சொன்னதற்குத் தண்டனையாக, அடுத்த மழைக்குள் தண்ணீர் வராத இடமாகப் பார்த்துச் சுவடிகளைச் சேர்க்கும்படி அழகப்பிரானுக்கு உத்தரவிட்டான். ஓர் ஏடு நனைந்தாலும் தலை போகும் என்றான்.

மறுநாள் காலை நாற்பது மாட்டு வண்டிகள் ஏகம்பர் வாசலில் நின்றன. கூடம், முற்றம், சமையலறை, எங்கும் சுவடிகள் இறங்கின. மந்திரியின் மனைவி இலக்கணத்துக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில் ஒடுங்கிப் படுக்க வேண்டியதாயிற்று.

விடிந்ததும் ஏகம்பர் சபைக்கு ஓடிவந்து முறையிட்டார். அழகப்பிரான் கைகட்டி நின்றான்.

"ஊரெல்லாம் தேடினேன், அரசே. தண்ணீர் வராது என்று மந்திரியே பொறுப்பேற்ற இடம் அது ஒன்றுதான்."

"சரிதானே" என்றான் அரசன். "ஏகம்பரே, இனி ஏடுகளுக்கு நீரே பொறுப்பு. அந்தத் தலை நிபந்தனையும் உமக்கே."

அன்று மாலையே மேற்கே கறுத்தது. மேட்டு நிலம் என்று தான் சொன்னது பொய் என்பது ஏகம்பருக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் அவரே வண்டி பிடித்து, சுவடிகளை எல்லாம் சுவடிச்சாலைக்குத் திருப்பி அனுப்பினார். அங்கே நனைந்தாலும் தன் தலைதானே போகும் என்று உறைத்தது. கடப்பாரையோடு ஆட்களைக் கூப்பிட்டு, மாளிகையின் நடுப்பகுதியை இடித்து வடிகாலைத் தோண்டினார். நான்காம் நாள் கொட்டிய மழை அவர் கூடம் இருந்த இடத்தின் வழியாக நேரே ஆற்றுக்குப் போனது. ஊரில் ஒரு வாசற்படியைக்கூட வெள்ளம் தொடவில்லை.

அரசனுக்கு ஆச்சரியம். "மந்திரிக்கு எப்படித் திடீரென்று புத்தி வந்தது?"

"இருபது வருஷமாக அவர் ஏட்டுப் பக்கமே போனதில்லை, அரசே. இரண்டு நாள் கூடப் படுத்ததற்கே இவ்வளவு ஞானம்" என்றான் அழகப்பிரான்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான்.

"பரிசு வேண்டாம். ஒரே ஒரு அனுமதி போதும். தாங்கள் ஏரிக்குள்ளேயே மண் கொட்டி மேடாக்கி வசந்த மண்டபம் கட்டுகிறீர்களாம். அங்கேயும் தண்ணீர் வராதாம். அடுத்த வருஷம் ஏடுகளை அங்கே இறக்கட்டுமா?"

அரசனின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தான்.

அன்று மத்தியானமே ஏரிக்குள் இருந்த கொத்தனார்கள் சாமான்களோடு கரையேறினார்கள்.