கண்ணாடியைப் பார்த்து விரியும் கம்பி

கொக்கரப்பட்டியில் வேலுத்தாய் அக்கா ஒரு பட்டறை வைத்திருந்தாள். கண்ணாடிக் குழாயில் கம்பியைச் செருகி, காற்றுப் புகாமல் உருக்கி ஒட்டுகிற வேலை. புத்திசாலி ஆட்களாகத் தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது ஒச்சப்பன், சடையாண்டி, வெள்ளைச்சாமி. அக்காவின் நேரம், வேறென்ன சொல்ல.

வெறும் இரும்புக் கம்பி போட்டால் ஆறும்போது கண்ணாடி விரிசல் விட்டது. அதனால் அக்கா இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றும் கலந்த கம்பி வாங்கி வந்தாள்.

“கண்ணாடி எவ்வளவு விரியுதோ, இதுவும் அவ்வளவுதான் விரியும். அது சுருங்கினா இதுவும் கூடவே சுருங்கும். விரிசல் விழாது. சாயங்காலம் கம்பெனிக்காரர் வர்றாரு. நல்லதா ஒண்ணு காட்டலைன்னா பட்டறைக்குப் பூட்டுதான்டா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் கண்ணாடியை மட்டும் உலையில் வைத்தார்கள். கம்பி மேஜைமேல் கிடந்தது.

“அங்க கண்ணாடி விரியுது. இது சும்மா கிடக்குதே?” என்றான் ஒச்சப்பன்.

சடையாண்டி குனிந்து பார்த்தான். “அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கு. கண்ணாடி விரியறது அதுக்கு எப்படித் தெரியும்?”

நியாயம்தானே. திருப்பி வைத்தார்கள். அப்போதும் விரியவில்லை.

“தூரப் பார்வை சரியில்லை போல” என்றான் வெள்ளைச்சாமி.

நன்றாகத் தெரியட்டும் என்று கம்பியைக் குழாய்க்குள்ளேயே செருகிச் சூடு காட்டினார்கள். கண்ணாடி இளகிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. உலையை அணைத்துவிட்டு மூவரும் டீ குடிக்கப் போனதில், எல்லாம் மெதுவாக ஆறியது. வந்து பார்த்தால் ஒரு விரிசல் கிடையாது.

“ஒட்டியிருக்கா, சும்மா உள்ள நிக்குதா?” என்றான் ஒச்சப்பன்.

“உடைச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது” என்றான் சடையாண்டி.

சுத்தியல் இறங்கியது. குழாய் சுக்குநூறானது. கம்பியைப் பிடித்திருந்த கண்ணாடி மட்டும் விடவில்லை.

அந்நேரம் பார்த்துக் கம்பெனிக்காரரோடு உள்ளே வந்த அக்கா, “அடப்பாவிகளா!” என்று கத்தினாள். அவரோ அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குழாயே உடைஞ்சும் ஒட்டு விடலையே! மாசக் கடைசிக்குள்ள இதே மாதிரி நூறு வேணும்.”

அக்கா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். “ஐயா சொன்னபடி செஞ்சுடுங்கடா. ஒண்ணுகூடக் குறையக் கூடாது” என்றாள்.

மாசக் கடைசியில் கம்பெனிக்காரர் வண்டியோடு வந்து நின்றார். ஒச்சப்பன் கலகலவென்று ஒரு சாக்கைத் தூக்கி வந்து அவர் முன்னால் இறக்கினான்.

“நூறும் நீங்க பார்த்த மாதிரியேதான் இருக்குங்கய்யா. ஒண்ணு மட்டும் எத்தனை அடி அடிச்சும் உடையலை. அதைக் குப்பையில போட்டுட்டு, புதுசா வேற ஒண்ணு செஞ்சு உடைச்சு வச்சிருக்கோம்.”