எறும்பு வராத இலை

மலையடிவாரத்தில் ஒரு சுனை. சுனைக்கரையில் ஒரு குகை. அந்தக் குகையில் கரடி ஒன்றும் பூனை ஒன்றும் சேர்ந்து வாழ்ந்தன. கரடியின் பெயர் கொம்பையா. பூனையின் பெயர் பட்டாணி.

ஆறு வருடங்களுக்கு முன், காட்டாற்று வெள்ளத்தில் ஒரு பூனைக்குட்டி மரக்கிளையைப் பிடித்தபடி மிதந்து வந்தது. அதைக் கரை சேர்த்தது கொம்பையாதான். அன்றிலிருந்து பட்டாணி கரடியை "மாமா" என்றுதான் கூப்பிடும். இரண்டுக்கும் வேறு சொந்தம் கிடையாது.

அன்பைக் காட்டக் கொம்பையாவுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அது தேன். காலையில் ஒரு கை தேன். மாலையில் ஒரு கை தேன். பங்குனி வந்தால் கூடவே இலுப்பைப் பூ. பட்டாணி முகம் சுளிக்காமல் நக்கிவிடும். கொம்பையாவுக்கு மனம் நிறைந்துவிடும்.

ஏழாம் வருடம் பிறந்தபோது பட்டாணியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் சுனைக்கு நாளுக்கு இரண்டு தடவை போய்த் தண்ணீர் குடிக்கும். இப்போது ஒன்பது தடவை போனது. ஒரு தடவைக்கு நாற்பது நக்கு என்றிருந்தது எண்பதானது. தீனி குறையவில்லை. ஆனால் உடம்பு இளைத்தது. முதுகெலும்பில் எட்டு முடிச்சுகளைக் கொம்பையாவால் எண்ண முடிந்தது.

"ஏலே பட்டாணி, உனக்கு என்னலே செய்யுது?"

"ஒண்ணும் இல்ல மாமா. வெயில் சாஸ்தி."

"வெயிலுக்கு எலும்பு தெரியுமாலே?"

பட்டாணி எழுந்து பத்தாவது தடவையாகச் சுனைக்குப் போனது.

கொம்பையா வைரவனை அழைத்து வந்தது. வைரவன் ஒரு கீரி. அந்தச் சரிவு முழுவதற்கும் அதுதான் வைத்தியர். அது பட்டாணியின் நாக்கைப் பார்த்தது. தோலை இழுத்து விட்டது. இழுத்த தோல் மெதுவாகத்தான் திரும்பியது.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சந்தேகம் மட்டும்தான்" என்றது வைரவன். "ஊருக்குள்ள மனுசங்க இதைச் சர்க்கரை வியாதின்னு சொல்லுவாங்க. சிறுநீரில் இனிப்பு இறங்கும். அது உண்டா இல்லையான்னு எறும்புக்குத்தான் தெரியும்."

"எப்படிப் பார்க்க?"

"விடியக்காலையில் ஒரு தேக்கிலையில் இவனைப் பெய்யச் சொல்லுங்க. இலையைப் பாறை மேல வைங்க. உச்சிவேளை வரைக்கும் மூடாம கிடக்கணும். எறும்பு மொய்த்தால் வியாதி உண்டு. வரலைன்னா இல்லை."

பட்டாணி துள்ளி எழுந்தது. "மூடாமலா! பூனையாய்ப் பிறந்து மண்ணைத் தள்ளி மூடாம வந்தா, நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரு நினைக்கட்டும். நாற்பது எறும்பு வருதான்னு பாரு" என்றது வைரவன். மேற்கே அதற்கு ஒரு பாம்பு விவகாரம் இருந்தது. கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் விடிந்தது. பட்டாணி சொன்னபடி செய்துவிட்டு வெட்கத்தோடு குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கொம்பையா இலையைப் பாறை மேல் வைத்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. உச்சிவேளை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இலையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. 'வராதே, வராதே' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஓர் எறும்புகூட வரவில்லை!

"பட்டாணி! ஏலே பட்டாணி! ஒண்ணுமில்லலே! சுழியம்லே!"

கொம்பையா பாறைக்குப் பாறை குதித்தது. அன்று சாயங்காலம் மூன்று தேன்கூடுகள் பிரிக்கப்பட்டன. பட்டாணிக்கு மட்டும் முழுதாக ஒன்று.

பத்தொன்பது நாள் போனது. இருபதாம் நாள் பட்டாணியால் பாறை மேல் தாவ முடியவில்லை. பின்னங்கால்களின் குதி தரையில் படப் படத் தவழ்வதுபோல நடந்தது. சுனைக்குப் போகும் வழியிலேயே படுத்துவிட்டது. கொம்பையா அதை வாயில் கவ்விக்கொண்டு மேற்கே ஓடியது. வைரவனைக் கண்டுபிடித்தபோது கரடிக்கு மூச்சு வாங்கியது.

"நீ சொன்ன மாதிரியே வச்சேன்! ஒரு எறும்பு வரலை! அப்புறம் ஏன் இவன் இப்படி?"

வைரவன் பட்டாணியைப் பார்த்தது. பிறகு கரடியைப் பார்த்தது.

"அண்ணாச்சி, இலைக்குப் பக்கத்தில் யார் இருந்தா?"

"நான்தான். அசையவே இல்ல."

"எவ்வளவு பக்கம்?"

"இந்தா, இவ்வளவு பக்கம்" என்று கொம்பையா ஒரு சாண் காட்டியது.

வைரவன் தலையில் கை வைத்தது. "நீங்க நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"புற்று ஒண்ணு. கொஞ்சம் எறும்பு…" கொம்பையா அப்படியே நிறுத்தியது. அதன் வாய் மூடவில்லை.

"உதட்டைக் குவிச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சினா ஐந்நூறு எறும்பு உள்ளே போயிரும். நீங்க காவலுக்கு உட்கார்ந்தா எந்த எறும்பு அண்ணாச்சி வரும்? இலையில் சர்க்கரை மூட்டையே இருந்தாலும் வராது!"

கொம்பையா தரையைப் பார்த்தது. பத்தொன்பது நாள். நாளுக்கு இரண்டு கை தேன். முப்பத்தெட்டுக் கை. போதாதென்று ஒரு முழுக்கூடு. எல்லாவற்றையும் ஊட்டியது அதன் கைதான்.

"இன்னும் நேரம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டது.

"இருக்கு. ஆனா முதல்ல எறும்பைக் கூப்பிடணும். சந்தேகத்தை வச்சு நான் மருந்து கொடுக்க மாட்டேன். வியாதி இல்லாதவனுக்கு அந்த மருந்து ஆபத்து."

பட்டாணியைக் குகையில் படுக்க வைத்துவிட்டு இரண்டும் சரிவில் இருந்த புற்றுக்குப் போயின. கொம்பையா முப்பது அடி தள்ளியே நின்றது. வைரவன் குரல் கொடுத்தது. பிள்ளையார் எறும்புகளின் தலைவி கடுகாயி வாசலுக்கு வந்தாள். கரடியைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனாள். ஆனால் ஓடவில்லை.

"வாரும் ஐயா, வாரும்! போன மழைக்கு எங்க புற்றில் நாலாயிரத்து இருநூறு பேரு. நீரு வந்து விருந்து சாப்பிட்டுப் போனீரு. எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து அறுபது பேரு மிச்சம். இப்ப உதவி கேட்டு வந்திருக்கீராக்கும்?"

கொம்பையா முன்கால்களை மடக்கித் தரையில் தலை வைத்தது. "எனக்காகக் கேட்கல தாயி. பூனைக்காக."

"பூனை எங்களை ஒண்ணும் செஞ்சதில்ல. அது நல்ல பிள்ளை" என்றாள் கடுகாயி. கொஞ்சம் யோசித்தாள். "சரி, வாறோம். ஆனா இலை கிடக்கும்போது நீரு சுனைக்கு அந்தக் கரையில் இருக்கணும். இந்தச் சரிவில் மொத்தம் ஏழு புற்று. ஏழையும் நீரு தொடக்கூடாது. பூனைக்கு எறும்பு தேவைப்படுற வரைக்கும் இது நடக்கணும்."

"அப்போ நான் எதைத் தின்ன?"

"அக்கரையில் கறையான் இல்லையா?"

கொம்பையாவுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "ஏ கடுகாயி! வியாதி இருந்தால்தான் உங்களுக்கு லாபம். இல்லாத வியாதிக்கும் மொய்ச்சு வச்சிருவீங்களே!"

"கேட்கிறார் பாரு கேள்வி! எங்களைத் தின்னவரு எங்களைச் சந்தேகப்படுறாரு!"

வைரவன் நடுவில் புகுந்தது. "ரெண்டு பேருக்கும் சண்டை வேண்டாம். மூன்று இலை வைப்போம். எதில் என்ன இருக்குன்னு எறும்புக்குச் சொல்ல மாட்டேன்."

மறுநாள் பாறை மேல் மூன்று தேக்கிலைகள் வைக்கப்பட்டன. ஒன்றில் சுனைத் தண்ணீர். ஒன்றில் வைரவனுடைய சிறுநீர். ஒன்றில் பட்டாணியுடையது. கொம்பையா அக்கரையில் நாவல் மரத்தடியில் உட்கார்ந்தது. இந்தத் தடவை 'வராதே' என்று அது சொல்லவில்லை. 'எது உண்மையோ அது வரட்டும்' என்று சொல்லிக்கொண்டது. அப்படிச் சொல்ல மிகவும் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர் இலைக்கு ஓர் எறும்பும் போகவில்லை. வைரவனின் இலைக்கு இரண்டு போயின, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. பட்டாணியின் இலைக்கு ஒரு கறுப்புக் கோடு நீண்டு போனது. அக்கரையிலிருந்தே அது தெரிந்தது.

எறும்புகள் திரும்பிய பிறகு கொம்பையா இக்கரைக்கு வந்தது. "முந்நூற்று நாற்பது எறும்பு" என்றது வைரவன். "சந்தேகம் தீர்ந்தது அண்ணாச்சி."

கொம்பையா அழவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தது. "இந்தக் கையால்தானே தேன் கொடுத்தேன்" என்றது.

பட்டாணி தள்ளாடி வந்து அதன் மடியில் ஏறிப் படுத்தது. "மாமா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுலே."

"தேன் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பூனை நாக்குக்கு இனிப்பு தெரியாது மாமா. நீங்க ஆசையா நீட்டினீங்க, நக்கினேன். எனக்கு அது பிசின் மாதிரிதான் இருந்துச்சு."

"ஆறு வருசமாவாலே!"

"ஆறு வருசமா."

"ஏன்லே சொல்லல?"

"நீங்க கேட்கலையே மாமா!"

கொம்பையா பட்டாணியை உற்றுப் பார்த்தது. பிறகு அந்தக் காடே அதிரும்படி சிரித்தது. சிரித்து முடித்தபோது கண் ஈரமாக இருந்தது.

அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. தேன் நின்றது. இலுப்பைப் பூ நின்றது. காலையில் ஒரு மீன், மாலையில் ஒரு மீன், நேரம் தவறக்கூடாது. மீன் தின்ற பிறகு மருந்து. வைரவன் கொண்டுவந்த பச்சிலைச் சாற்றைக் கருவேல முள்ளின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, பிடரித் தோலைத் தூக்கி, ஒரு குத்து. அதைக் கொம்பையாதான் செய்ய வேண்டும்.

முதல் நாள் முள் கீழே விழுந்தது. எடுத்தது. மறுபடியும் விழுந்தது.

"தேனீக் கூட்டுக்குள்ள விடும்போது நடுங்காத கை, இப்ப ஏன் மாமா நடுங்குது?"

"பேசாம இருலே! குத்தப் போறேன்… குத்தப் போறேன்…"

"அப்பவே குத்திட்டீங்க மாமா. நான் கொட்டாவி விட்டு முடிச்சாச்சு."

வாரத்துக்கு ஒரு நாள் இலை வைத்தார்கள். கொம்பையா தவறாமல் அக்கரைக்குப் போனது. முதல் வாரம் முந்நூற்றுப் பத்து எறும்பு. இரண்டாம் வாரம் இருநூற்று ஐந்து. மூன்றாம் வாரம் பழக்கதோஷத்தில் பட்டாணி இலையை மண் தள்ளி மூடிவிட்டது. எறும்புகள் திட்டிக்கொண்டே திரும்பின. நான்காம் வாரம் நூற்றுப் பதினெட்டு. ஐந்தாம் வாரம் நூற்றுத் தொண்ணூறு!

"ஏன் ஏறிச்சு?" என்று கேட்டது வைரவன்.

கொம்பையா மரத்தைப் பார்த்தது. "இலுப்பை பூத்திருந்துச்சு. பிள்ளை முகம் வாடியிருந்த மாதிரி இருந்துச்சு. ஒரு பூ கொடுத்தேன்."

"ஒண்ணா?"

"நாலு."

"அண்ணாச்சி!"

"ஏழு. அதுக்கு மேல சத்தியமா இல்ல."

"அவனுக்குத்தான் இனிப்பே தெரியாதே!"

"அவனுக்கு இல்ல வைரவா. எனக்குத்தான் கொடுக்காம இருக்க முடியல."

வைரவன் இதற்குக் கோபப்படவில்லை. "கொடுக்கணும்னு தோணும்போது அவன் முதுகைத் தடவிவிடுங்க. அதுக்கு அளவு கிடையாது" என்றது.

கொம்பையா அப்படியே செய்தது. ஆறாம் வாரம் தொண்ணூறு. எட்டாம் வாரம் நாற்பத்தொன்று. அதற்குள் சுனைக்குப் போவது நாளுக்கு மூன்று தடவையாகக் குறைந்திருந்தது. முதுகெலும்பு முடிச்சுகள் சதைக்குள் மறைந்தன. பத்தாம் வாரம் பட்டாணி குகைப் பாறை மேல் ஒரே தாவில் ஏறியது. ஏறிய பிறகு இரண்டு தடவை கீழே இறங்கி மறுபடியும் ஏறிக் காட்டியது.

பதினோராம் வாரம் ஆறே ஆறு எறும்புகள் வந்தன. அவற்றில் ஒன்று முணுமுணுத்தது: "இதுக்குப் போயி இவ்வளவு தூரம் நடந்தோமா? நாக்கில் ஒட்டக்கூட ஒண்ணுமில்ல!"

அக்கரையில் இருந்த கொம்பையா இதைவிட இனிய சொல்லைக் கேட்டதே இல்லை.

"குணமாயிட்டானா வைரவா?" என்று இக்கரைக்கு ஓடி வந்து கேட்டது.

"குணம்னு நான் சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கு. முள்ளை நிறுத்திப் பார்க்கலாம். மீனும் நேரமும் மாறக்கூடாது. மறுபடியும் தலை தூக்கலாம். அதனால வாரம் ஒரு இலை வைக்கிறதை விடாதீங்க."

இதைக் கேட்டபடி புற்று வாசலில் கடுகாயி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆயிரம் எறும்புகள் நின்றன. "அப்போ நம்ம பேச்சு என்ன ஆச்சு ஐயா? பூனைக்கு எறும்பு தேவைப்படுற வரைக்கும்னு சொன்னோம்" என்று தயங்கியபடி கேட்டாள்.

"வைத்தியர் சொன்னதைக் கேட்டியே தாயி. இவன் இருக்கிற வரைக்கும் வாரம் ஒரு இலை. அதுவரைக்கும் ஏழு புற்றையும் தொட மாட்டேன்."

எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஆயிரமும் ஒரே குரலில் கூவின:

"பட்டாணி நூறு வருசம் நல்லா இருக்கணும்!"

அன்புள்ள குழந்தைகளே, பெரியவர்களே, பயத்தைப் பக்கத்தில் காவல் வைத்தால் உண்மை கிட்ட வராது. எட்டி நின்று அதற்கு வழி விட்டால்தான், நேசிப்பவருக்கு நாம் செய்ய வேண்டியது என்னவென்று தெரியும்.